வீட்டிலேயே எக்ஸாஸ்ட்: எதில் காசு போடலாம், எதில் கூடாது

கேள்வி: என்னிடம் 2010-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா 1.3 இருக்கிறது. மப்ளரில் ஓட்டை விழுந்துவிட்டது, நடுப் பைப்பும் இத்துப்போய்விட்டது. நான் தொழிற்சாலையில் மிக் வெல்டிங் செய்பவன். பட்டறையில் சொல்லும் விலையைக் கேட்டால், நானே பைப் வாங்கி வீட்டு அஞ்சடியில் வைத்து இரண்டு அங்குலத்தில் முழு எக்ஸாஸ்ட்டும் செய்துவிடலாம் போலிருக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டால் இழுவை கூடும் என்கிறார்கள் கூட்டாளிகள். என்னென்ன வாங்க வேண்டும்?
(வாசகர், மலேசியாவின் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி, கை பழகிய வேலைதானே. ஆனால் கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் இருந்து வால் வரைக்கும் புதிதாகச் செய்யுங்கள், போதும்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் பகுதியில், புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அங்கே உங்கள் வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால்கூட வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகக் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். கூட்டாளிகள் சொன்ன இழுவைக்குப் பதிலாகப் பெட்ரோல் செலவுதான் ஏறும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கன்வெர்ட்டரின் தேன்கூட்டுக் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். பழைய இரும்புக் கடைகளில் அதற்குத் தனி விலை. "கழற்றிவிட்டு நேர் பைப் வைத்துத் தருகிறோம், கூலி வேண்டாம்" என்று யாராவது சொன்னால், பழையதை யார் எடுத்துக்கொள்வது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது அளவு. 1.3 இன்ஜினுக்கு இரண்டு அங்குலம் அதிகம். பழைய பைப்பின் நல்ல பகுதியில் வெர்னியர் வைத்து வெளிவிட்டத்தை அளந்து, அதே அளவோ ஒரு படி கூடவோ வாங்குங்கள். ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பெரிய பைப் போட்டால் 3000 ஆர்.பி.எம். பக்கத்தில் காருக்குள் ஒரு முனகல் நிற்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் அந்த வேகத்தில் நொடிக்கு 100 தடவை வெடிக்கிறது, நெடுஞ்சாலையில் தலைவலி தருவது அந்த ஒலிதான். நடுவில் இருக்கும் ரெசனேட்டர் அதை அடக்கத்தான் இருக்கிறது, காசு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

பைப் வாங்கும்போது வளைவுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேண்ட்ரல் வளைவு என்றால் திருப்பத்திலும் பைப் உருண்டையாகவே இருக்கும். அழுத்தி வளைத்ததில் உட்பக்கம் நசுங்கிச் சுருக்கம் விழுந்திருக்கும். இரண்டு மூன்று மேண்ட்ரல் வளைவுகளையும் நேர்த் துண்டுகளையும் வாங்கினால், தேவையான கோணத்தில் அறுத்து ஒட்டிக்கொள்ளலாம். கனம் 1.5 மில்லிமீட்டர் எடுங்கள். 1.2-இல் மிக் பிடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டை விழும்.

உலோகம் எது என்பது உங்கள் மெஷினைப் பொறுத்தது. 304 ஸ்டெயின்லெஸ்தான் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதற்கு 308எல் வெல்டிங் கம்பி வேண்டும், பழைய இரும்புப் பிளேஞ்சோடு சேர்க்கும் இடத்தில் 309எல் வேண்டும், ஆர்கன் மிகுந்த வாயுவும் வேண்டும். சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டினால் பைப் பளபளக்கும், ஒட்டு துருப்பிடிக்கும். இதற்கெல்லாம் தனியாகச் செலவழிப்பதைவிட அலுமினியம் பூசிய இரும்புப் பைப்பை வாங்குங்கள் என்பேன். ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துபோகும், அங்கே அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

மிச்சமாகும் காசை மப்ளரில் போடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக் கடைத்தெரு, மறுபடியும் வீடு என்று ஓடும் காரில் மப்ளர் முழுசாகச் சூடேறுவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். உங்கள் பழைய மப்ளரை அறுத்துப் பாருங்கள், அடிப்பாகம்தான் அதிகம் இத்திருக்கும். ஆகவே மப்ளர் மட்டுமாவது ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், அதன் தாழ்ந்த இடத்தில் சின்னதாக ஒரு வடிகால் துளை இருக்கட்டும். புதுத் தொங்கு ரப்பர், புது கேஸ்கெட், உள்வலை உள்ள நல்ல பிளெக்ஸி (வளைந்து கொடுக்கும் பைப் துண்டு) ஆகியவற்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம். இன்ஜின் ஆடும் ஆட்டத்தைத் தாங்குவது பிளெக்ஸிதான். வாலில் மாட்டும் பளபளப்பு முனைக்கு ஒரு சென்கூடச் செலவழிக்க வேண்டாம்.

வேலையை மண்தரையில் செய்யாதீர்கள். சிமெண்டுத் தரையில் ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் நுழையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் நுழையாதீர்கள். பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள். காரில் வைத்துப் புள்ளிப் புள்ளியாக மட்டும் ஒட்டி, இறக்கி, பெட்ரோல் டேங்கிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் முழு ஒட்டும் போடுங்கள். பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த உலோகத்தில் வெல்டிங் பிடிக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

மாட்டிய பின், வெட்டவெளியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது முடுக்கி, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பொங்கும் இடத்தை மறுபடி ஒட்டுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அது காருக்குள் புகுந்து பின்சீட்டில் பிள்ளைகள் மயங்கினாலும், தூங்கிவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். வால் பைப் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். செம்பனைக்குள் போகும் செம்மண் பாதையில் தட்டாமலிருக்க, பழையது தொங்கியதைவிடப் புதியது கீழே இறங்கவும் கூடாது.

சத்தம் பழைய அளவிலேயே இருக்கட்டும். வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டிலிருந்தே தனி ஒழுங்குவிதிகள் உண்டு. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சாலைத் தடுப்பில் நிறுத்தினால் "வீட்டில் செய்தது" என்பது பதிலாகாது.

கேள்வி: தண்ணீருக்குப் போடும் ஜிஐ பைப் மலிவாகக் கிடைக்கிறது. அதில் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் பூசியிருப்பது துத்தநாகம். ஒட்டும்போது வெள்ளைப் புகையாக எழும்பும். சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பைப்பும் தேவைக்கு மேல் கனம்.

கேள்வி: மகன் காருக்குப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் "ஸ்டெயின்லெஸ் 304" என்று சொல்லி மப்ளர் மாட்டினார்கள். ஆறு மாதத்தில் துரு. கேட்டால் மழைத்தண்ணீர் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள் அம்மா. தட்டையான பகுதியில் இறுக்கி ஒட்டினால் அது 304 அல்ல. 409 என்ற இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகையாக இருக்கலாம், அதில் மேலாகப் பழுப்பேறுவது வழக்கம். ஆனால் 304 என்று சொல்லி 409 கொடுத்ததே குற்றம். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ரசீதில் "304" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். துருவைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றித்தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்யுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்திலும் பதியலாம், மகனிடம் சொன்னால் போட்டுத் தருவார்.