முதல் கதையை வாசித்தேன், சிரித்துவிட்டார்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. வங்கியில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாகக் கதை எழுதி போனிலேயே வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாதக் கடைசி ஞாயிறு மாலை ஒரு எழுத்தாளர் குழு கூடுகிறது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் ஒரு கதை வாசித்தேன். நடுவில் ஒரு அம்மா சிரித்துவிட்டார். எனக்குக் குரலே நடுங்கிவிட்டது. வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் ஒற்றுப் பிழைகளைப் பட்டியல் போட்டார். இன்னொருவர் "இது கதை இல்லம்மா, கட்டுரை" என்றார். மூன்றாமவர் ரஷ்ய இலக்கியம் பற்றி வெகுநேரம் பேசினார். கடைசியாக ஒருவர் "உங்க சொந்த அனுபவமா?" என்று கேட்க, நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் "இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்கிறார். மறுபடி போகலாமா? கதையையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்:

போங்கள். அடுத்த மாதமே போங்கள். கதையைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பைப் பார்ப்போம். எந்த இடத்தில் சிரித்தார் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாமியார் காப்பிப்பொடி பாட்டிலின் வெளிப்பக்கம், பொடி நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பும் இடம். மருமகள் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு, ஈரத் துணியால் கோட்டை அழித்து, கொஞ்சம் கீழே புதுக் கோடு போடுகிறாள். அந்த அம்மா உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டில் இருந்திருக்கும். இல்லையென்றால் கோடு போட்டதே அவராக இருக்கலாம்! அன்றைக்கு உங்கள் கதைக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம் அந்தச் சிரிப்புதான். அது கேலி என்று நினைத்து அடுத்த பத்தியை வேகமாக ஓட்டியிருப்பீர்கள், பாவம்.

இப்படிப்பட்ட மாலைகளில் எழுதுகிறவருக்கு உண்மையில் கிடைப்பது இதுதான். கதை முடிந்த பிறகு சொல்லப்படும் கருத்துகளில் பாதி, பேசுகிறவரைப் பற்றியவை. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் பொய் கிடையாது. எங்கே நிமிர்ந்தார்கள், எந்த இடத்தில் போனை எடுத்தார்கள், எப்போது நாற்காலி கிறீச்சிட்டது என்று கவனியுங்கள். 1500 சொல் கதையை நிதானமாக வாசிக்கக் கால் மணி நேரம் ஆகும். கையில் காகிதப் பிரதி இருக்கட்டும். கவனம் கலைந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் புள்ளிகள் எல்லாம் இரண்டு மூன்று இடங்களில் கும்பலாகக் கிடக்கும். வெட்ட வேண்டியது அங்கேதான்.

அடுத்து, "கட்டுரை" என்றவர். உங்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பத்தியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பாட்டிலில் புதுக் கோடு விழுந்ததும் கதை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பெண்ணுக்கு வீட்டில் உரிமை இல்லாதது பற்றி எட்டு வரி எழுதியிருக்கிறீர்கள். கோடு சொன்னதையே அந்த எட்டு வரியும் மறுபடி சொல்கின்றன, அதுவும் மேடைக் குரலில். எடுத்துவிடுங்கள். அவர் முழுக் கதையையும் ஒரே வார்த்தையில் தள்ளியது தப்புதான். எந்த இடத்தில் கட்டுரையானது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதபோது நீங்கள் கேட்டிருக்கலாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் ஓர் எழுத்துப் பட்டறை தொடங்கினார்கள். அந்த மாதிரிப் பட்டறைகளிலிருந்து பரவிய வழக்கப்படி, எழுதியவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கதையைப் பிரித்து மேய்வார்கள். நம் ஊர்க் குழுக்களுக்கு இது தெரிந்து வந்ததோ தெரியாமல் வந்ததோ, கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. கூடுதலாக நமக்குத் தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் உண்டு. பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் "முன்னிலை" வகிப்பதை வேறு எந்த நாட்டிலும் பார்க்க முடியாது என்று நினைக்கிறேன். லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் வகுத்த முறை வேறு மாதிரி. முதலில் பார்த்தவர்கள் மனதில் எது நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். அதற்குப் பிறகு மற்றவர்கள், உள்ளே குத்தல் இல்லாத கேள்விகளைக் கேட்கலாம். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் "சொல்லலாமா?" என்று கேட்டு, படைத்தவர் சரி என்றால் மட்டும்.

இதை முழுசாக உங்கள் குழுவில் கொண்டுவர முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். புதிதாக வந்தவர் விதி போட்டால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் இதில் இரண்டாவது படி உங்கள் கையில் இருக்கிறது. வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே, "மாமியார் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதா, பாவமாக இருக்கிறதா என்று மட்டும் கடைசியில் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். எதைப் பற்றியும் பேசலாம் என்றால்தான் ரஷ்யாவுக்குப் போவார்கள். அவர் அப்படியும் போவார், அது வேறு விஷயம். எல்லாக் குழுவிலும் அவர் ஒருவர் உண்டு. அந்த நேரத்தில் டீ குடியுங்கள்.

ஒற்றுப் பிழை சொன்ன பெரியவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். எல்லார் முன்னாலும் பட்டியல் போட்டது தேவையில்லாத வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பிரதியில் பிழைகள் இருக்கின்றன. "காப்பிபொடி" என்றே கதை முழுக்கப் போகிறது, நடுவில் 'ப்' எங்கே? அடுத்த முறை வாசிக்கும் முன்பே ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, "ஐயா, பென்சிலால் குறித்து வையுங்கள், முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். மனிதர் குளிர்ந்துபோவார். கூட்டத்தில் பேச அவருக்கு நேரமும் இருக்காது. காசு வாங்காமல் பிழை திருத்தித் தர இந்தக் காலத்தில் யார் கிடைக்கிறார்கள்?

"சொந்த அனுபவமா?" என்ற கேள்விக்குத் தலை குனிய என்ன இருக்கிறது? ஆண் ஒருவர் கொலைகாரனைப் பற்றி எழுதி வாசித்தால் இந்தக் கேள்வி வராது. பெண் எழுதினால் மட்டும் கதைக்குப் பின்னால் வீட்டு முகவரியைத் தேடுவார்கள். பதில் சொல்லக் கடமை இல்லை. "கதையில் வரும் வீடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். விளக்கம் கொடுத்தீர்கள் என்றால், அன்று முதல் உங்கள் மாமியாரைப் பற்றித்தான் பேசுவார்கள், கதையைப் பற்றி அல்ல.

நீங்கள் இருப்பது திருநெல்வேலி என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊர் வண்ணார்பேட்டையில், இலக்கிய ரசனையாளர் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' ரசிகர்களின் கூட்டம். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால், திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி நடத்திய 'காகங்கள்' வேறு ரகம், அங்கே விவாதம்தான் பிரதானம். சென்னையில் 1970இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை'யில், அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை கே.கே. நகரில் எழுத்தாளர் ஞாநி வீட்டுக் கிணற்றடியில் 2009இல் ஆரம்பித்த 'கேணி'யில் மேடையே இருந்ததில்லை. இப்படி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம். உங்கள் குழுவின் குணம் என்ன என்று ஒரு மாலையில் தெரியாது. நாலைந்து மாதம் பாருங்கள். எல்லா மாதமும் வாசிக்காதீர்கள், சில மாதம் கேட்க மட்டும் போங்கள். மற்றவர் கதைக்கு நீங்கள் சொல்லும் இரண்டு வரி உருப்படியாக இருந்தால், உங்கள் கதைக்கும் உருப்படியாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறமும் ஒற்றும் ரஷ்யாவும் மட்டும்தான் என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சிரித்த அம்மாவின் போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலும் குழுதான்.

வீட்டுக்காரர் கேள்விக்கு வருகிறேன். ஞாயிறு மாலை அவர் கிரிக்கெட் பார்த்தால், "தேவையா?" என்று நீங்கள் கேட்பதுண்டா? மாதத்தில் ஒரு மாலை, மூன்று மணி நேரம். அனுமதி கேட்கும் தொனியில் சொல்லாமல், தகவலாகச் சொல்லுங்கள். இரவுக்குத் தோசை மாவு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். மாவு எங்கே இருக்கும் என்று அவருக்கும் தெரியும்.

கூட்டம் முடிய எட்டரை ஆகிறது, பஸ் கிடைப்பது கஷ்டம் என்று பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். இது சின்ன விஷயம் இல்லை, பல பெண்கள் இரண்டாவது முறை வராமல் போவது இதனால்தான். கதை வாசிப்பை முதலில் வைத்துக்கொண்டு உரைகளைப் பின்னால் தள்ளச் சொல்லி அமைப்பாளரிடம் நேரிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள், காலை வணக்கங்களுக்கு நடுவில் அது காணாமல் போய்விடும்.