பழைய டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எந்த டிஸ்க் வாங்கிப் போடலாம்? கடைக்காரர் சிஸ்டத்தையே மாற்றச் சொல்கிறார்.

சொல்லத்தான் செய்வார். ஒரு டிஸ்க் விற்றால் அவருக்கு என்ன நிற்கும், புது சிஸ்டம் விற்றால் என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மதர்போர்டு என்னவென்று நீங்கள் எழுதவில்லை. 2008-க்கும் 2012-க்கும் நடுவில் அசெம்பிள் செய்தது என்றே வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அந்த ரகம்தான்: இன்டெல் ஜி31 போர்டு, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7, 320 ஜிபி டிஸ்க். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை எல்லாப் பத்திரமும் அந்தப் பெட்டியில்தான் டைப் ஆகிறது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7 சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் ஒழுங்காக ஓடுவது அதில்தான். "இன்னுமா பேஜ்மேக்கர்" என்று சிரிக்க வருபவர்கள் முத்திரைத்தாளில் மார்ஜின் பிசகாமல் முப்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டிவிட்டுச் சிரிக்கலாம்.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம்., டைப்ரைட்டிங் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர். ஆனால் என் பெட்டியை நான்தான் திறப்பேன், நான்தான் மூடுவேன்.

டிஸ்க்தான் போயிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பெட்டிகளில் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிளின் முனை தளர்ந்துபோவது சகஜம். வேறு கேபிள், போர்டில் வேறு போர்ட், முடிந்தால் வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் இன்னும் தெரிகிறது என்றால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு, 05, சி5 என்ற வரிகளில் (கெட்டுப்போன இடங்களின் கணக்கு) பூஜ்யத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் டிஸ்க் போகப்போகிறது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பழுது பார்க்கும் கட்டளை) ஓட்டாதீர்கள். இருக்கிற உயிரில் ஃபைல்களை முதலில் காப்பி எடுங்கள்.

எனக்கு "டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்று திரை நின்றுவிட்டது, உள்ளே டக் டக் என்று சத்தம். கேபிளும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றியும் அதே சத்தம். பத்திர மாதிரிகளும் ஃபான்ட்டுகளும் தனியாக ஒரு பென் டிரைவில் எப்போதும் இருக்கும், அதனால் பதறவில்லை. டிஸ்க் வாங்கத்தான் கடைக்குப் போனேன்.

போனதும் கடைத் தம்பியின் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?"

என் வீட்டுக்காரர் கண்டக்டர். டிக்கெட் மெஷினைத் தவிர வேறு எந்த மெஷினோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அது அந்தத் தம்பிக்கும் தெரியும், அந்த பஸ்ஸில்தான் அவன் வருகிறான்.

"இந்த போர்டுல எஸ்எஸ்டி எடுக்காது மேடம், ஏஹெச்சிஐ கிடையாது" என்றான். எஸ்எஸ்டி என்றால் சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க். ஏஹெச்சிஐயும் ஐடிஇயும் போர்டு டிஸ்க்கோடு பேசுகிற முறைகள், ஐடிஇ பழசு. அவன் சொன்னது பாதி உண்மை. சாதாரண ஜி31 போர்டில் ஏஹெச்சிஐ கிடையாதுதான். "ஐடிஇ மோடுலயே எடுக்கும் தம்பி" என்றேன். உடனே உள்ளே போய் 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று கொண்டுவந்தான். புதுசாம், பாக்ஸ் மட்டும் இல்லையாம்.

திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டுத் திருகு ஓட்டைகளின் விளிம்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறப் பின்கள் மேல் கோடு கோடாகக் கீறல். "உங்க சிஸ்டத்துல மாட்டிக் காட்டுங்க" என்றேன். காட்டினான். பச்சையில் "குட்" என்றுதான் வந்தது. ஆனால் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணிக்கணக்கு, 31,000-க்கு மேல். ராப்பகலாக ஓடினால்கூட மூன்றரை வருஷம். டிவிஆரிலிருந்து கழற்றிய சிசிடிவி டிஸ்க்காகத்தான் இருக்கும். அப்போது அந்தத் தம்பி செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. போனை எடுத்து, "ஒரு நிமிஷம் மேடம், சார்கிட்ட பேசிடுறேன்" என்றான்! டபுள் விசிலுக்கு நடுவே அவர் சொன்னது எனக்கே கேட்டது: "அவகிட்டயே பேசுப்பா."

பணம் என்னுடையது, கடை என்னுடையது, ஜிஎஸ்டி நம்பர் என் பெயரில். இன்வெர்ட்டர் வாங்கப் போனாலும் இதே கதை, பிரிண்டர் சர்வீஸுக்கு ஆள் வந்தாலும் இதே கதை. எல்லாக் கடைக்காரர்களும் அப்படியில்லை என்று எழுத வராதீர்கள், எனக்கும் தெரியும். சரி, அதை விடுங்கள்.

மணிக்கணக்கை மட்டும் நம்பியும் வாங்கக்கூடாது, அதை அழித்துப் பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு. 2025 தொடக்கத்தில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைக் கணக்கை அழித்துப் புதிதென்று விற்றது ஐரோப்பாவில் பெரிய செய்தியானது. அதனால் பின்னையும் திருகு ஓட்டையையும் கண்ணால் பாருங்கள். காசு கொடுக்கும் முன் சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டியைப் பாருங்கள்.

என்ன வாங்குவது என்றால், விண்டோஸுக்கு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. ஃபைல்களுக்கு இடம் வேண்டுமென்றால் கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க். நான் வேறு கடையில் சீல் பிரிக்காமல் வாங்கிப் போட்டது இதுதான். ஜி31-ல் இருப்பது சாட்டா 2, அதனால் எஸ்எஸ்டியின் வேகத்தில் பாதிதான் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கட்டுமே. நொடிக்கு 250 எம்பி வந்தாலும் பழைய டிஸ்க்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட முக்கியம், ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் ஹெட் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை பத்துப் பதினைந்து மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே கிடையாது. நூற்றுக்கணக்கான ஃபான்ட்டுகளோடு பேஜ்மேக்கர் திறக்கும்போது வித்தியாசம் தெரியும்.

எஸ்எஸ்டி சின்னது, ஹார்ட் டிஸ்க் இடத்தில் உட்காராது. அதற்கென்று பிராக்கெட் விற்கிறது, இல்லையென்றால் ஒரு பக்கம் இரண்டு திருகு போதும். உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் வயர் குறைந்தால் கன்வெர்ட்டர் தருவார்கள். முனையில் பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக உருக்கி ஒட்டிய மலிவு ரகம் வேண்டாம், அது கருகுகிறது.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 3, 4 டிபி வாங்காதீர்கள். பழைய பயாஸ் (பெட்டியை எழுப்புகிற போர்டின் மென்பொருள்) எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கிலிருந்துதான் விண்டோஸை பூட் செய்யும், அந்த முறையில் 2 டிபிக்கு மேல் இருக்கிற இடம் வீண். ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றினால் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. 2 டிபி வாங்கினாலும் எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் தட்டில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது, சிஎம்ஆர் என்றால் தனித்தனியாக எழுதுவது. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். அதை வெளியே சொல்லாமலே கம்பெனிகள் விற்று, 2020-ல் ஒத்துக்கொண்டன. 1 டிபியில் டபிள்யூடி ப்ளூ 7200 ஆர்பிஎம் சிஎம்ஆர்தான்.

உங்கள் பெட்டி இன்னும் பழையது, சாட்டா இல்லாமல் நாற்பது பின் பட்டை ஐடிஇ கேபிள் மட்டும்தான் என்றால், செகண்ட் ஹேண்ட் ஐடிஇ டிஸ்க் தேடி அலையாதீர்கள். ஐடிஇ-சாட்டா கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

சாட்டாவைவிட வேகமான புது ரக எஸ்எஸ்டியான என்விஎம்ஈ போடலாமே என்பவர்களுக்கு: ஜி31-ல் அதற்கு ஸ்லாட்டே இல்லை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு சப்போர்ட் நின்றதும் தெரியும். அந்தப் பெட்டிக்கு நெட் கொடுக்கவில்லை. எஸ்எஸ்டி போனால் டக் டக் என்றுகூடச் சொல்லாமல் ஒரே நாளில் போய்விடும் என்பது மட்டும் நியாயமான பயம். அதனால்தான் பத்திரமெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று இருக்கிறது.

போர்டு மாடல் தெரியவில்லையென்றால் மூடியைத் திறந்து, பிராசஸர் ஃபேனுக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதை போட்டோ எடுத்துப் போடுங்கள். பகலில் பதிவுக்கு வருகிற கூட்டம் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பார்த்துச் சொல்கிறேன்.