தடையைக் கண்டதும் பறக்கும் குதிரை: வாசகர் கேள்விகள்

ஐந்து வயதுக் குதிரை. தாண்டவேண்டிய தடை கண்ணில் பட்டதும் தறிகெட்டு ஓடுகிறது. கடிவாளத்தை எவ்வளவு இழுத்தாலும் வேகம் கூடத்தான் செய்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், ஈசூன்)

இழுப்பதால்தான் கூடுகிறது, தம்பி. உற்சாகத்தில் பாய்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பயம். தாண்டும்போதெல்லாம் வாயில் வெடுக்கென்று ஓர் இழுப்பு, இறங்கும்போது முதுகில் பொத்தென்று ஓர் அடி. சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று அது ஓடாமல் என்ன செய்யும்? முதலில் பல், முதுகு, கால், சேணம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் பலிக்காது.

வலி இல்லையென்றால், தடையை அதற்கு அலுத்துப்போன பொருளாக்க வேண்டும். தரையில் ஒற்றைக் கட்டை போதும். நடந்து தாண்டு, நில், திரும்பு, மறுபடி நட. வேகம் எடுத்தால் தடைக்கு வெகுமுன்பே ஒரு வட்டம் போடுங்கள். மூச்சு சீரானதும் மறுபடி போங்கள். கடைசி நொடியில் மட்டும் திருப்பாதீர்கள், விலகி ஓடலாம் என்று கற்றுக்கொண்டுவிடும்.

இன்னொன்று: குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்ச தூரம் அதற்குத் தெரியாது. தலையை ஏற்றியும் இறக்கியும்தான் தடையை அளக்கிறது. தலையை இறுக்கிப் பிடித்தால் கண்ணைக் கட்டிவிட்டுத் தாண்டச் சொன்ன மாதிரிதான்.

தரையில் வரிசையாகக் கட்டைகள் போட்டால் நடுவே எவ்வளவு இடைவெளி? (வாசகி, உட்லண்ட்ஸ்)

டிராட் என்னும் துள்ளுநடைக்குச் சுமார் 1.3 மீட்டர், கேன்டர் என்னும் இலகுவான பாய்ச்சலுக்குச் சுமார் 3 மீட்டர். பழகியபின் ஒரு சிறிய குறுக்குத் தடை (இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறிபோலச் சாய்த்தது) வைத்து, அதற்கு 2.5 மீட்டர் முன்னால் தரையில் ஒரு கட்டை போடுங்கள். டிராட்டில் வந்து தாண்டட்டும். காலை எங்கே வைப்பது என்று யோசிக்கிற குதிரைக்கு ஓட நேரமிருக்காது. உங்கள் குதிரையின் அடி குட்டையா நீளமா என்று பார்த்து, ஒரு சாண் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கிராஞ்சியில் ஓடிய பந்தயக் குதிரையைத் தத்தெடுத்திருக்கிறேன். தாண்டப் பழகுமா? (வாசகர், சுவா சூ காங்)

பழகும், பொறுமை இருந்தால். சிங்கப்பூரில் 1933 வரை ஃபேரர் பார்க்கில், பிறகு புக்கிட் தீமாவில், அப்புறம் கிராஞ்சியில் என்று நடந்த பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு முடிந்தது. (ஃபேரர் பார்க் பக்கத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிடும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியும்!) பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடு என்று பொருள். நீங்கள் நிறுத்த இழுப்பீர்கள். அது ஓடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே தடையை மறந்துவிட்டு, நடை, டிராட், நில் என்று மாற்றி மாற்றிச் சில மாதங்கள். உங்கள் உடம்பு நிமிர்ந்தால் வேகம் குறைய வேண்டும் என்பதை அது கற்றபின் கட்டைக்கு வாருங்கள்.

வாயில் போடும் இரும்பைக் கடுமையானதாக மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், பிடோக்)

வேண்டாம். பயத்துக்கு மேல் வலியும் சேரும், அவ்வளவுதான்.

மூன்று வயதிலேயே தாண்டவிடலாமா? (வாசகி, ஜூரோங்)

கூடாது. முதுகெலும்பு வளர்ந்து முற்ற ஐந்தரை வயதுக்கு மேலாகும். அனைத்துலகத் தாண்டும் போட்டிகளில்கூட, இளங்குதிரைகளுக்கான பிரிவுகளை விட்டால், ஆறு வயதுக்கு முன் சேர்ப்பதில்லை.

மதியம்தான் எனக்கு நேரம். பரவாயில்லையா? (வாசகர், தோ பாயோ)

நம் ஊர்ப் புழுக்கத்தில் களைத்த குதிரையும் தடையை அவசரமாகத்தான் கடக்கும், கட்டையிலும் இடிக்கும். காலை ஏழு மணிக்கு இருபது நிமிடம் போதும். முடிந்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓய்வில் அதன் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலைக்குப் பிறகும் தோல் காய்ந்திருந்து மூச்சு வாங்கினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சந்தேகமிருந்தால் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணனைக் கேளுங்கள். வியர்வை குறைந்ததை முதலில் கவனிப்பவர் அவர்தான்.