முட்டைக் கார் காப்பாற்றிய கம்பெனி: பிஎம்டபிள்யூ கேள்வி பதில்

ஜெர்மன் கார்களைப் பிரித்து மாட்டுவதே பிழைப்பாகி இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் ஆயில் வடிகிற நேரத்தில் என்னிடம் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை பிஎம்டபிள்யூ மட்டும். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அந்த நீல வெள்ளை வட்டம், சுற்றுகிற விமான விசிறிதானே அண்ணா?

இல்லை தம்பி. மியூனிக்கில் ராப் என்பவரின் எஞ்சின் கம்பெனி 1917இல் பெயர் மாறியபோது, பழைய முத்திரையிலிருந்த கறுப்பு வளையத்தை வைத்துக்கொண்டு, நடுவிலிருந்த குதிரைத் தலையை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் பவேரியா மாநிலத்தின் வெள்ளையும் நீலமும் வந்தன. அரசுச் சின்னத்தை வியாபார முத்திரையில் போடச் சட்டம் விடவில்லை. அதனால் நிறங்களின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். விசிறிக் கதை 1929இல் ஒரு விளம்பரப் படத்தோடு வந்தது. விமானத்தின் சுழலும் விசிறிக்குள் முத்திரையை வரைந்திருந்தார்கள். ஜனங்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள், கம்பெனியும் ரொம்ப காலம் மறுக்கவில்லை. நல்ல கதையை யார் மறுப்பார்கள்?

விசிறிதான் கற்பனை, விமானத் தொடர்பு நிஜம். முதல் சரக்கே விமான எஞ்சின். 1919இல் அவர்களுடைய எஞ்சின் பூட்டிய விமானத்தில் ஃப்ரான்ஸ் சீனோ டீமர் என்ற விமானி 9,760 மீட்டர் உயரத்துக்குப் போனார். அந்த வருஷமே, முதல் உலகப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் விமான எஞ்சின் செய்வதற்கே பூட்டுப் போட்டது. வானத்தைத் தொட்டவர்கள் ரயிலுக்கு பிரேக் செய்து வயிற்றைக் கழுவினார்கள்.

தஞ்சாவூர், ஆசிரியை: பெயரின் விரிவு என்ன?

பாயரிஷே மோட்டோரன் வெர்க்கே. பவேரிய மோட்டார் ஆலை, அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் "பே எம் வே" என்பார்கள்.

கோவை, ஆட்டோமொபைல் கடை வைத்திருப்பவர்: முதல் கார் எது? அப்போதே சொகுசு கார்தானா?

கேட்டால் சிரிப்பீர்கள். 1923இல் ஆர்32 என்ற மோட்டார் சைக்கிள் வந்தது. காருக்கு 1928 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஐசனாக் என்ற ஊரில் இருந்த ஒரு கார் ஆலையை வாங்கினார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது டிக்ஸி என்ற குட்டிக் கார். அதுவும் சொந்தச் சரக்கில்லை, இங்கிலாந்தின் ஆஸ்டின் செவனை உரிமம் வாங்கிச் செய்தது. கார் முகப்பில் இருக்கிற சிறுநீரக வடிவ கிரில் 1933இல் 303 என்ற காரில்தான் முதலில் வந்தது.

இந்தக் கணக்குக்கு ஒரு வால் இருக்கிறது. 1994இல் இதே கம்பெனி இங்கிலாந்தின் ரோவரை வாங்கியது. பழைய ஆஸ்டினின் வாரிசு அந்த ரோவருக்குள்தான் இருந்தது. கடன் கொடுத்தவன் வீட்டையே வாங்கின மாதிரி ஆச்சு. ஆனால் வீடு ஒழுகியது. ஆறு வருஷம் பணத்தைக் கொட்டிவிட்டு, 2000இல் ரோவரை வெறும் 10 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போனது. மினி என்ற குட்டிக் காரை மட்டும் விடவில்லை. அது நல்ல முடிவு.

மதுரை, வழக்கறிஞர்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவர்கள் செய்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டிய விஷயம். ஃபோக்க வுல்ஃப் 190 போர் விமானத்துக்கு எஞ்சின் இவர்களுடையது. மியூனிக் பக்கத்தில் அல்லாக் ஆலையில் நாஜிகளின் டாக்கவ் வதைமுகாமின் கிளை முகாம் இருந்தது. கைதிகளையும், பிடித்து வந்த வெளிநாட்டவரையும் அங்கே வேலை வாங்கினார்கள். போர் முடிகிற சமயத்தில் வேலையாட்களில் பாதியளவு அப்படிப்பட்டவர்கள்தான்.

பின்னாளில் முதலாளியான குவாண்ட் குடும்பத்துக்கும் கை சுத்தமில்லை. ஹனோவரில் அவர்களுடைய பேட்டரி ஆலையோடு ஒட்டி ஒரு முகாமே இருந்தது. 2007இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதைக் கிளறிய பிறகுதான் குடும்பம் வரலாற்றாசிரியர் ஒருவரிடம் ஆவணங்களைத் திறந்துவிட்டது. ஆய்வு 2011இல் வெளிவந்தது. கட்டாய உழைப்பாளிகளுக்கு இழப்பீடு தரும் நிதி 2000இல் அமைந்தபோது பிஎம்டபிள்யூ அதில் சேர்ந்தது. அறுபது வருஷத்துக்கு அருகில் ஆகிவிட்டது. சம்பந்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னை, வங்கி ஊழியர்: ஒரு காலத்தில் பென்ஸ்காரர்கள் இவர்களை விழுங்கப் பார்த்தார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம் சார். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

போருக்குப் பிறகு ஐசனாக் ஆலை ரஷ்யர் கைக்குப் போய்விட்டது. மியூனிக்கில் சட்டி பானை செய்து உயிர் பிழைத்தவர்கள் 1952இல் மறுபடி கார் விற்கத் தொடங்கினார்கள். இருந்த நிலைமைக்குச் சின்ன காராகச் செய்திருக்க வேண்டும். செய்தது பெரிய, உப்பலான, விலை எட்டாத சொகுசு கார். வளைவுகளைப் பார்த்து ஊர் அதற்கு "பரோக் தேவதை" என்று பேர் வைத்தது. பேர் பிரமாதம், வாங்கத்தான் ஆள் இல்லை. அடுத்து 507 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு விற்பதாகக் கனவு, வந்து நின்ற விலை அதைப் போல இரண்டு மடங்கு. மொத்தமே 252 கார்தான் செய்தார்கள். ஜெர்மனியில் ராணுவ சேவையில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒரு வெள்ளை 507 வைத்திருந்தார். ரசிகைகள் லிப்ஸ்டிக்கில் எழுதி வைத்துவிட்டுப் போவார்களாம். தொல்லை தாங்காமல் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார். அழகான கார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நஷ்டம்.

இந்த நஷ்டத்தில் அடுப்பை எரிய வைத்தது இசெட்டா. இத்தாலியில் ஃபிரிட்ஜ் செய்துகொண்டிருந்த ஈசோ என்ற கம்பெனியிடம் உரிமம் வாங்கி 1955இலிருந்து செய்த முட்டைக் கார். உள்ளே மோட்டார் சைக்கிள் எஞ்சின். 1,61,000க்கு மேல் விற்றது. அதிலும் லாபம் கொஞ்சம்தான்.

1959 டிசம்பர் 9, மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். நிர்வாகத்தின் திட்டம் இது: பழைய பங்கின் மதிப்பைப் பாதியாக வெட்டுவது, புதுப் பங்குகளைப் பழைய பங்குதாரருக்குக் காட்டாமல் டெய்ம்லர்-பென்ஸ் பக்கம் கொடுப்பது. மேடையில் தலைமை வகித்தவர் டாய்ச்ச பாங்கின் ஆள். அதே வங்கிக்குத்தான் டெய்ம்லரிலும் செல்வாக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஒரே தரகர்.

கீழே உட்கார்ந்திருந்தவர்கள் சில்லறைப் பங்குதாரர்களும் கார் டீலர்களும். டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த எரிக் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரி எழுந்து கத்தினார். டீலர்கள் பக்கம் பேசிய மாதர்ன் என்ற வக்கீல் கத்தவில்லை, கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போதுதான் அறிமுகமாகியிருந்த 700 என்ற சின்ன காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருஷத்தில் எழுதித் தள்ளியிருந்தார்கள். வருகிற வருஷங்களில் ஓடப்போகிற காரின் செலவை அப்படி எழுதினால் நஷ்டம் பூதாகரமாகத்தான் தெரியும். கணக்கில் குறை என்று 10 சதவீதப் பங்குக்காரர்கள் சொன்னால் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆள் சேர்ந்தது. தள்ளிவைத்தார்கள். டெய்ம்லரின் சலுகை அந்த நாளோடு காலாவதி.

ஏற்கெனவே கணிசமான பங்கு வைத்திருந்த ஹெர்பர்ட் குவாண்ட், விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இருந்தார். கண் பார்வை பெரும்பகுதி இழந்தவர். அந்தக் கூட்டத்தைக் கேட்ட பிறகு மனசு மாறி, இன்னும் பணம் போட்டார். இன்றைக்கும் கம்பெனியில் ஏறத்தாழ பாதி அவருடைய பிள்ளைகள் இருவர் கையில்தான்.

ஈரோடு: இசெட்டாவில் கதவு முன்பக்கமா? எப்படி ஏறுவார்கள்?

கார் மூஞ்சி முழுக்கக் கதவு. ஃபிரிட்ஜைத் திறப்பது போல இழுத்தால், ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து ஒதுங்கிக்கொள்ளும். நின்றபடியே உள்ளே போய்த் திரும்பி உட்கார வேண்டியதுதான். இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்டுவதற்காக ரிவர்ஸ் கியர் இல்லாத மூன்று சக்கர இசெட்டா விற்றது. அதைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலம், கார் பிரியர்: "ஓட்டும் சுகம்" என்பது வெறும் விளம்பரமா?

முதலில் கார் வந்தது, அப்புறம்தான் அந்தப் பேர் நிலைத்தது. 1961இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 1500 என்ற நாலு கதவு காரைக் காட்டினார்கள். பென்ஸைவிடச் சின்னது, சாதாரணக் காரைவிட வேகமானது. நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பிடித்தார்கள். அந்தக் காரின் பின் ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடியின் கோடு கீழே இறங்கி, முடிகிற இடத்தில் முன்பக்கமாக ஒரு மடி மடங்கும். வடிவமைப்புத் தலைவர் ஹோஃப்மைஸ்டர் பேரால் அந்த மடிப்பை அழைக்கிறார்கள். இன்றைக்கும் முத்திரையைத் துணியால் மூடிவிட்டு, அந்த மடிப்பை மட்டும் காட்டினால் என் பட்டறைப் பையன்கள் காரைச் சொல்லிவிடுவார்கள்.

1968இல் வந்த 2002 என்ற காரின் கதை இன்னும் சுவாரசியம். எஞ்சின் பிரிவுத் தலைவர் ஃபால்க்கன்ஹாவுசனும் திட்டப் பிரிவு பென்ஷும், ஒருவருக்கொருவர் சொல்லாமல், தங்கள் சொந்த இரண்டு கதவுக் காரில் 2 லிட்டர் எஞ்சினைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டு வெளிப்பட்டதும் சேர்ந்துபோய் நிர்வாகத்திடம் கேட்டார்கள். அதே எஞ்சின் குடும்பத்தின் இரும்புக் கட்டையை வைத்துத்தான் 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்றார். ரேஸ் காருக்குள் தெருக் காரின் எஞ்சின் கட்டை! விளம்பரத்தால் இதைச் செய்ய முடியாது.

நாகர்கோவில்: ரோல்ஸ் ராய்ஸும் இவர்களுடையதா?

ஆமாம், ஒரு வினோத வழியில். 1998இல் ஃபோக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுண்டு கொடுத்து ஆலை, சிறகு விரித்த பொம்மை, கிரில் எல்லாம் வாங்கியது. பேர் மட்டும் விமான எஞ்சின் செய்கிற வேறொரு கம்பெனியின் சொத்து. அவர்கள் பேரை 40 மில்லியனுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் பேசித் தீர்த்து, 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் இவர்களுக்கு, பென்ட்லி ஃபோக்ஸ்வாகனுக்கு.

செங்கல்பட்டு: எங்கள் ஊர்ப் பக்கம் செய்வது "அசல்" இல்லை என்கிறார் என் மைத்துனர்.

மைத்துனரிடம் சொல்லுங்கள்: மகேந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் 2007 மார்ச்சிலிருந்து வேலை நடக்கிறது. பாகங்கள் கிட்டாக வந்து அங்கே கார் ஆகின்றன. முழு காராக இறக்கினால் வரி தலைக்கு மேல் போகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. வடிவமைப்பும் அளவுகளும் மியூனிக் சொல்வதுதான். பட்டறையில் பிரித்துப் பார்த்தவன் சொல்கிறேன், நட்டு போல்ட்டில் வித்தியாசம் கிடையாது.

ஓசூரையும் மறக்காதீர்கள். ஜி310 பைக்குகளை டிவிஎஸ் அங்கே செய்து உலகம் பூராவும் அனுப்பியது. ஜெர்மனியில் அதை ஓட்டுகிறவர் கையில் இருப்பது ஓசூர்ச் சரக்கு.

திருப்பூர்: பத்து வருஷ பழைய 320டி சல்லிசாக வருகிறது. எடுக்கலாமா?

வாங்கும் விலை மாருதி விலை, பாகத்தின் விலை அப்போதும் பிஎம்டபிள்யூ விலை. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே போங்கள். 2007க்குப் பிறகு சில வருஷங்கள் வந்த என்47 டீசல் எஞ்சினில், வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்குகிற டைமிங் செயின் பேர் போன பலவீனம். செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பின்பக்கமிருந்து உரசுகிற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். வந்தால் விட்டுவிடுங்கள், மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டி வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பாதையில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம், நம் வெயிலில் காலம் போகப் போக வெடிப்பு விடும். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்-ஃப்ளாட் டயர் என்பதால் பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டுக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். தெருமுனைக் கடையில் மாற்றிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை.

பி58 என்று ஒரு பெட்ரோல் ஆறு சிலிண்டர் 2015இலிருந்து வருகிறது. டொயோட்டாவே சுப்ராவுக்கு அதை எடுத்துக்கொண்டது. அது கிடைத்தால் தாராளமாக.

பாண்டிச்சேரி: இவர்கள் பேர் கெட்ட சமயங்கள்?

இருக்கின்றன. 2018இல் தென்கொரியாவில் டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தன. புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரின் கசிவு காரணம். பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2021இல் புகைச் சுத்திகரிப்பில் போட்டியில்லாமல் கூடிப் பேசிக்கொண்டதற்காக ஐரோப்பிய ஆணையம் சுமார் 373 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. கூட்டாளியான டெய்ம்லர் முதலில் போய் உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டது! 2022இல் சில நாடுகளில் சூடாகும் சீட்டுக்கு மாதச் சந்தா கேட்டார்கள். சீட்டும் உள்ளே இருக்கிறது, கம்பியும் இருக்கிறது, காசு கொடுத்தால்தான் சூடாகுமாம். எதிர்ப்பு வந்து அடுத்த வருஷம் விட்டுவிட்டார்கள். எனக்கு அபராதத்தைவிட இதுதான் அசிங்கமாகப் பட்டது.

கடைசிக் கேள்வி, கும்பகோணத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை: ஒரு பிஎம்டபிள்யூ சும்மா தருகிறேன் என்றால் எதை எடுப்பீர்கள் அங்கிள்?

700. பின்னால் இரண்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின், உடம்பு இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்தது. தெருவில் நிறுத்தினால் இது பிஎம்டபிள்யூ என்று யாரும் நம்ப மாட்டார்கள். வக்கீல் மாதர்ன் கணக்கில் கண்டுபிடித்தது இந்தக் காரைத்தான். பிறகு 1,88,000 கார்கள் விற்றன. என் பட்டறைக்கு வந்தால் ஆயில் காசு வாங்க மாட்டேன்.