வீடியோ கேம் அடிமைத்தனம் உண்மையிலேயே ஒரு நோயா?

ஆம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் ‘கேமிங் கோளாறு’ இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமை, தூக்கம், படிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் கேம் வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது: இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார்.

நிறுத்த முடியாததற்கு ஒரு காரணம், கேமில் பரிசு எப்போது வரும் என்று தெரியாது. மூளை அந்த எதிர்பார்ப்பில்தான் மாட்டுகிறது. குளத்தங்கரையில் தூண்டில் போட்டவரைப் பாருங்கள். ஒரு மீனும் சிக்காத மத்தியானத்திலும் ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று உட்கார்ந்திருப்பார். கேமில் அந்தத் தூண்டில் ராத்திரி இரண்டு மணிக்கும் கையிலேயே இருக்கிறது.

சிகிச்சை பெரும்பாலும் பேச்சுவழிதான். பெங்களூரில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் கேம், போன், இணையம் போன்ற தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே தனி கிளினிக் உண்டு. போனைப் பிடுங்கி உடைப்பது சிகிச்சையில் சேராது.

அப்புறம், லீவில் நாலு மணி நேரம் விளையாடும் பையனுக்கெல்லாம் இந்தக் கோளாறு என்று அர்த்தமில்லை. மணிக்கணக்கு மட்டும் வைத்து இதை முடிவு செய்வதில்லை.