கட்டாயக் கருத்தடையும் நாளிதழ்களும்: கேள்வி பதில்

மயிலாப்பூர் வாசகர்: நெருக்கடி நிலையின்போது வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை எந்தப் பத்திரிகையும் எதிர்க்கவில்லையா?

மத்திய அரசு அப்படியொரு சட்டமே இயற்றவில்லை ஐயா. 1976 ஏப்ரலில் வந்த மக்கள்தொகைக் கொள்கை, மாநிலங்கள் விரும்பினால் சட்டம் கொண்டுவரலாம் என்று வழிவிட்டது. மகாராஷ்டிரம் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. சட்டம் இல்லாமலேயே 1976–77இல் சுமார் 82 லட்சம் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) ஆபரேஷன் நடந்தது. ஊழியர்களுக்கு இலக்கு, எட்டாவிட்டால் சம்பளம் நிறுத்தம், வடக்கே பல ஊர்களில் போலீஸ். இவையே போதுமானவையாக இருந்தன.

பத்திரிகைகள்? நெருக்கடி நிலை அறிவித்த இரவிலேயே டெல்லி நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. பிறகு தணிக்கை இறுகியது. முகாம் படங்களும் இலக்கை எட்டிய கணக்கும் அச்சேறின. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடு ஊர் வாய்வழியாகப் பரவியது. 1977 ஜனவரியில் தணிக்கை தளர்ந்ததும் அடக்கிவைத்த செய்திகள் வெளிவந்தன. மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இடம்பெற்ற கூட்டணிதான் வென்றது. கொடுமை இங்கே அந்த அளவுக்கு நடக்கவில்லை.

அண்ணா நகர் வாசகர்: அமெரிக்காவிலும் கட்டாயக் கருத்தடை நடந்ததே; அங்கே தணிக்கை இல்லையே, நாளிதழ்கள் தடுத்திருக்கலாமே?

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இண்டியானா 1907இலும் கலிபோர்னியா 1909இலும் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் மட்டும் சுமார் 20,000 பேருக்குக் கருத்தடை நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதிபர் ஹாரி சாண்ட்லர், கருத்தடையைப் பரப்பிய அமைப்பிலேயே உறுப்பினர். 1930களில் அந்த நாளிதழின் ஞாயிறு இதழ் இனமேம்பாட்டுக்கென்றே, அதாவது ‘தகுதியானவர்கள்’ மட்டும் பிள்ளை பெறவேண்டும் என்ற கொள்கைக்கென்றே, ஒரு பத்தி நடத்தியது. யாரும் வாயைக் கட்டவில்லை; விரும்பியே எழுதினார்கள். வட கரோலினாவில் வின்ஸ்டன்-சேலம் ஜர்னல் 1940களில் இத்திட்டத்துக்கு ஆதரவாகக் கட்டுரைகள் வெளியிட்டது. அதே நாளிதழ்தான் 2002இல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய்த் தொடர் எழுதியது. ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் இழப்பீட்டுக்கு நிதி ஒதுக்கினார்கள்.

பெரம்பூர் வாசகர்: இந்திரா காந்தியின் கட்டாயச் சட்டம் எந்த ஆண்டு?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேளச்சேரி வாசகர்: வாசக்டமிக்குப் (ஆண்களுக்கான கு.க. ஆபரேஷன்) பின் முதுகு வலிக்குமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: பெரியாரின் ‘குடி அரசு’ ஏடும் கட்டாயக் கருத்தடையைத்தானே ஆதரித்து எழுதியது?

இல்லை. பிறர் நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து, தாயின் உடல்நலம் என்று காரணம் சொல்ல, பெரியார் பெண் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று தம் காரணத்தைத் தனியே பிரித்துச் சொன்னார். மக்கள்தொகையைக் குறைக்கக் கர்ப்பத்தடை வேண்டும் என்று 1928இல் சென்னையில் தொடங்கிய நியோ மால்தூசியன் லீகின் மேல்தட்டுப் பேச்சு வேறு.

அம்பத்தூர் வாசகர்: பெரியாரின் சுயமரியாதை இயக்க ஏடுகளிலும் இனமேம்பாட்டுக்காரர்களின் ‘நல்ல சந்ததி’ப் பேச்சு உண்டே, மறைக்கிறீர்களா?

மறைக்கவில்லை. அந்தப் பேச்சு அக்காலத்தில் எல்லாத் தரப்பிலும் இருந்தது, அவர்களிடமும் இருந்தது. ஆனால், பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணிடம் விடு என்பதும், பிடித்துவந்து மேசையில் கிடத்து என்பதும் ஒன்றாகுமா? ஒரு வரியைக் கத்தரித்து அனுப்பிச் சண்டை மூட்டாதீர்கள். தேதியும் பக்க எண்ணும் இல்லாத கத்தரிப்பை நான் ஏற்பதில்லை.

தாம்பரம் ஆசிரியை: மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அழைத்துப் போங்கள் அம்மா. ஒரே நாளிதழின் 1976 நவம்பர், 1977 பிப்ரவரி இதழ்களைக் கேட்டு வாங்கி, கு.க. செய்திகளை அவர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.