ரொமான்டிக் கால (19ஆம் நூற்றாண்டு) மேற்கத்திய இசையை யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்? மொஸார்ட் காலத்து இசையிலிருந்து அதன் பாணி எதில் வேறுபடுகிறது?

சிம்பொனிகளைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஷூபர்ட், ஷோப்பான், ஷூமன் ஆகிய மூவரின் சில நிமிடங்களே நீளும் சிறிய படைப்புகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். சைக்கோவ்ஸ்கியின் இசைக்குழுவையோ வாக்னரின் ஓப்பராவையோ (இசை நாடகம்) முதலில் கேட்பவர் அந்தப் பேரோசையில் மயங்கிவிடுவார். ஹைடனும் மொஸார்ட்டும் எழுதிய இசையிலிருந்து இது எந்த இடத்தில் விலகியது என்பது அவருக்குப் பிடிபடாமலே போகும். இசை தன் ஆதார சுரத்துக்குத் திரும்பி ஓய்வு கொள்வதை எவ்வளவு தூரம் தள்ளிப்போடலாம், திரும்பாமலே விட்டுவிட்டால்தான் என்ன என்று கேட்கும் துணிவே அந்த விலகல்.

1814 அக்டோபரில், தம் 17ஆம் வயதில், ஷூபர்ட் ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து இசையமைத்தார். கிரெட்சன் என்ற பெண் ராட்டையில் நூல் நூற்றபடியே காதலனை நினைத்துப் பாடுகிறாள். பியானோ வாசிப்பவரின் வலக்கை ஓயாமல் சுழலும் சக்கரமாகிறது. இடக்கை அதன் மிதிகட்டையாகிறது. அவனுடைய நடை, புன்னகை, பேச்சு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனவள் அவனுடைய முத்தத்தை நினைத்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு அது தடுமாறித் தடுமாறித்தான் மறுபடி சுற்றத் தொடங்குகிறது. அவள் தன்னை மறந்ததைக் கவிதை சொல்லவில்லை, பியானோ சொல்கிறது. பாடகருக்குத் துணை நின்ற வாத்தியம் பாத்திரத்தின் உள்மனமாகவே மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடல் எனக்குத் தெரிந்து வேறில்லை. 31 வயதில் இறந்துபோன ஷூபர்ட் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை விட்டுச் சென்றார். ஆனால் அவருடைய படைப்புகளுக்கென்றே நடந்த பொதுக் கச்சேரி 1828 மார்ச் 26இல் வியன்னாவில் நடந்த ஒன்று மட்டுமே. மற்றவற்றில் பெரும்பகுதியும் நண்பர்கள் வீட்டுக் கூடங்களில் ஒலித்தவை.

அடுத்ததாக, ஷோப்பான் 1839இல் வெளியிட்ட 24 பிரெலூடுகளில் (சிறு பியானோ படைப்புகள்) நான்காவதைக் கேளுங்கள். மொத்தம் 25 தாளக்கட்டுகள்தான். வலக்கையின் மெட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலேயே ஊசலாடுகிறது. தனியாகப் பாடிப் பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. ஆனால் அதன் கீழே இடக்கையின் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கொத்துகள்) ஒரு நேரத்தில் ஒரு சுரமாக, அரைச் சுர அளவில் நழுவி இறங்கிக்கொண்டே இருக்க, அசையாத மெட்டின் நிறம் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது.

ஷூமன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1840இல் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த 16 பாடல்களின் தொகுப்பில், மே மாதத்தில் மலர்ந்த காதலைச் சொல்லும் முதல் பாடல், தீர்வை எதிர்பார்க்க வைக்கும் ஒரு கார்டில் அப்படியே நின்றுவிடுகிறது. முந்தைய தலைமுறையின் இலக்கணப்படி அது முடிவே அல்ல. காதலைச் சொல்லியாயிற்று, பதில் வரவில்லை என்ற நிலைக்கு அதைவிடப் பொருத்தமான முடிவும் இல்லை.

இவ்வளவுக்கும் பியானோ என்ற கருவி மாறியதும் ஒரு காரணம். மொஸார்ட் வாசித்த பியானோ மரச்சட்டத்தில் அமைந்தது. ஐந்து எண்மங்களே (ஸ்தாயிகள்) கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இரும்புச் சட்டம் வந்து, வீச்சு ஏறத்தாழ ஏழு எண்மங்களாக விரிந்தது. கட்டை முழுதும் மேலெழும் முன்பே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியமைப்புக்கு 1821இல் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்றது. பெடலை மிதித்தால் அடிச்சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கை வேறிடத்துக்குப் போய்விடலாம். ஷோப்பானின் நாக்டர்ன்களில் (இரவின் மனநிலையைச் சொல்லும் பியானோ படைப்புகள்) இடக்கை அவ்வளவு அகலமாகப் பரவுவது இதனால்தான். நடுத்தர வர்க்க வீடுகளில் பியானோ பரவியதால் இத்தகைய சிறு படைப்புகளை அச்சிட்டு விற்கும் சந்தையும் உருவானது.

இவற்றுக்குப் பிறகு பெரிய படைப்புகளுக்குப் போகலாம். பீத்தோவன் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1830இல், பாரிஸில் அரங்கேறிய பெர்லியோஸின் ‘சிம்பொனி ஃபான்டாஸ்டிக்’ காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டை ஐந்து பகுதிகளிலும் உருமாற்றிக் கொண்டுவருகிறது. (பெர்லியோஸ் பியானோ வாசிக்கத் தெரியாதவர், அதனாலேயே அவருடைய இசைக்குழு பியானோவின் சாயல் இல்லாமல் ஒலிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.) 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ தொடக்கத்திலேயே எழும் இறுக்கத்தை ஏறத்தாழ நான்கு மணிநேரம் கடந்து, கடைசிக் காட்சியில்தான் தீர்த்துவைக்கிறது. ஷூமன் ஒரு பாடலின் இறுதியில் செய்ததை வாக்னர் ஓர் ஓப்பரா முழுவதற்கும் நீட்டினார் என்று கேட்டால், அந்த நீளம் உங்களைச் சோர்வடையச் செய்யாது. பியானோ வித்தகர் லிஸ்டை நான் இவர்களுக்குப் பிறகே வைப்பேன். அவருடைய வித்தைகள் பல நேரங்களில் இசையை முந்திக்கொள்கின்றன.

பிராம்ஸ் கடைசியில் இருக்கட்டும். தம் முதல் சிம்பொனியை 1876இல், 43 வயதில்தான் அரங்கேற்றிய அவர், பீத்தோவன் விட்டுச்சென்ற வடிவக் கட்டுக்கோப்புக்குள் ஷூமனிடம் கண்ட ஏக்கத்தை அடக்கி எழுதியவர். இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பழகிய பிறகே அவர் எதை அடக்குகிறார் என்பது காதில் விழும்.